காரணம் சொன்னால் போதும்

அக்காவோடு பஸ்ஸில் போவதென்றால் எனக்கு உள்ளுக்குள் ஒரு உதறல். கண்டக்டர் "பின்னாடி போங்க, பின்னாடி போங்க" என்று கத்தினால் எல்லாரும் பின்னாடி போவோம். அக்கா போகமாட்டார். "ஏன் பின்னாடி போகணும்?" என்பார். சண்டைக்காகக் கேட்கிறவர் இல்லை, சத்தியமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். "அடுத்த ஸ்டாப்புல காலேஜ் பிள்ளைங்க முப்பது பேர் ஏறும்மா" என்று கண்டக்டர் சொல்லிவிட்டால் போதும், "அப்படிச் சொல்லுங்க" என்று நல்ல பிள்ளையாகப் பின்னாடி போய்விடுவார். சொல்லாவிட்டால் பெரம்பலூர் வரைக்கும் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்பார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதுதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இவர் யாரோ நான் யாரோ என்று உட்கார்ந்திருப்பேன்.

அரியலூரில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. முதலாளியையும் சேர்த்து நாலே பேர். லாரிகளை எடைபோடுகிற எடைமேடைகளுக்குக் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. அக்கா கூடப்பிறந்தவர் இல்லை, கூட வேலை பார்த்தவர். பெரம்பலூரிலிருந்து தினமும் வருவார், நான் செந்துறையிலிருந்து. வயதில் என்னைவிட மூணு வருஷம் மூத்தவர், வேலையில் ஆறு மாதம் எனக்குப் பின்னால் சேர்ந்தவர். அதனால் யாருக்கு யார் மரியாதை கொடுப்பது என்று எனக்குள் ஒரு முறுக்கு உண்டு. அவர் பேரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் "ஏன்டி என் பேரைப் போட்டே?" என்று போன் பண்ணுவார். பதில் சொல்லி மாளாது.

ஒரு தடவை சிறுவாச்சூர் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை போய் நின்றிருக்கிறார். அங்கே திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள் என்பது ஊர் உலகத்துக்கே தெரியும், இவருக்கு மட்டும் மறந்துவிட்டது. கதவு சாத்தியிருந்தால் நாமெல்லாம் வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவோம். இவர் பூக்கடை, தேங்காய்க் கடை, பொரிக் கடை என்று ஒவ்வொன்றாக ஏறி "ஏன் திறக்கலை?" என்று கேட்டிருக்கிறார். "இன்னைக்கு இல்லம்மா" என்பதே எல்லார் பதிலும். கடைசியில் பூக்கட்டுகிற ஒரு அம்மா, "மத்த நாள்ல ஆத்தா மலை மேல இருப்பா, இந்த ரெண்டு நாள்தான் இங்க வருவா" என்று சொன்னதும் அக்காவுக்கு மனசு நிறைந்துவிட்டது. இரண்டு முழம் பூ வாங்கித் தானே வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். "சாமி பாக்கலையேக்கா" என்றேன். "அதனால என்னடி, காரணம் சொன்னாங்கள்ல" என்றார்.

பெண் பார்க்க வந்த கதையைச் சொல்லாவிட்டால் அக்காவைச் சொன்னதாகவே ஆகாது. துறையூர்ப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போய், தரகர் மூலமாக "வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் தரகரிடம் நம்பர் வாங்கி நேராக மாப்பிள்ளைக்கே போன் அடித்திருக்கிறார். "வேணாங்கிறது உங்க இஷ்டம்ங்க. அதுல நான் ஒண்ணும் சொல்லலை. ஏன்னு மட்டும் சொல்லிடுங்க." அந்த ஆள் பாவம், திக்கித் திணறி, "நீங்க நெறைய கேள்வி கேக்குறீங்க" என்றாராம். மறுநாள் ஆபீஸில் இதைச் சொல்லிவிட்டு அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நல்ல மனுஷன்டி. சரியான காரணத்தைச் சொல்லிட்டான்."

இப்படிப்பட்ட பிறவியிடம் எங்கள் பழைய ப்ரோகிராம் போய் மாட்டியது.

அது ஜாவாவில் எழுதியது. நாங்கள் சேர்வதற்கு ரொம்ப முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்துவிட்டுப் போனது. ஒரு ஃபைலை நகர்த்துவது, பேர் மாற்றுவது, அழிப்பது எல்லாம் அதில் பழைய முறையில்தான். வேலை முடிந்தால் 'ஆமாம்' என்று ஒரு பதில் வரும். முடியாவிட்டால் 'இல்லை' என்று வரும். அவ்வளவுதான். போகவேண்டிய ஃபோல்டர் இல்லையா, தொட அனுமதி இல்லையா, வேறு யாராவது அந்த ஃபைலைப் பிடித்து வைத்திருக்கிறார்களா, ஒன்றும் தெரியாது. அந்த 'இல்லை'யைக்கூட நாம் நின்று கேட்டால்தான் உண்டு. கேட்காவிட்டால் ப்ரோகிராம் ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த வரிக்குப் போய்விடும். எங்கள் புண்ணியவான் எந்த இடத்திலும் நின்று கேட்கவில்லை.

புதிய முறை வந்து வெகு காலம் ஆகிவிட்டது. அதில் வேலை முடியாவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுகொண்டு, இன்ன ஃபைலை இன்ன காரணத்தால் நகர்த்த முடியவில்லை என்று கத்தும். அதைக் கவனிக்காமல் ஒரு அடி மேலே போகமுடியாது.

"பழசு எங்க பெரியப்பா மாதிரிடி" என்பார் அக்கா. "கல்யாணத்துக்கு வரலைன்னு மட்டும் சொல்லுவார். அதையும் நாமளா போன் பண்ணிக் கேட்டாத்தான். புதுசு எங்க சித்தி. ஏன் வரலைன்னு அரை மணி நேரம் சொல்லும், நாம போனை வைக்கவே முடியாது. எனக்குச் சித்தியத்தான் பிடிக்கும்."

எல்லாவற்றையும் புதிய முறைக்கு மாற்றுகிறேன் என்று முதலாளியிடம் போய் நின்றார். "ஓடுற வண்டியில கை வைக்காதம்மா" என்றார் அவர்.

"ஏன் சார்?"

"ஓடுதும்மா!"

"ஓடுதா, ஓடுற மாதிரி இருக்கா சார்?"

முதலாளி எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கும் அன்றைக்கு அக்காமேல் எரிச்சல்தான். சும்மா கிடக்கிறதைக் கிளறி எனக்கும் சேர்த்து வேலை வைக்கிறாரே என்று நினைத்தேன்.

அப்புறம்தான் தேவகி விஷயம் வந்தது.

செந்துறை ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடைபோடுகிற ஒரு எடைமேடை உண்டு. ஒரு காண்ட்ராக்டருக்குச் சொந்தம். எங்கள் ப்ரோகிராம்தான் அங்கே ஓடியது. மேடையை ஒட்டிய சின்ன அறையில் பகல் ஷிப்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சீட்டு அடித்துக் கொடுப்பது தேவகியின் வேலை. குன்னம் பக்கம் சொந்த ஊர். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தினம் பஸ்ஸில் வருவார். அந்த வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் அவர் ஒருவர்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ப்ரோகிராம் அன்றைய எடையெல்லாம் இருக்கிற ஃபைலைத் தானாகவே பத்திரமான ஃபோல்டருக்கு நகர்த்திவிடும். ஷிப்ட் மாறுகிற நேரம் என்பதால் ஐந்தரையிலிருந்து ஆறரை வரைக்கும் எடை கிடையாது. ஆறரைக்கு முதல் லாரி ஏறும்போது அதே பேரில் புது ஃபைல் தொடங்கும். ஒரு வாரம், தொடர்ந்து நாலு நாள் ஃபைலைக் காணவில்லை. லாரி டிரைவர்கள் கையில் சீட்டு இருக்கிறது, கம்ப்யூட்டரில் அந்த எடை இல்லை. அந்த மேடையின் மேனேஜர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: எடைபோடாமலே தேவகி பொய்ச்சீட்டு அடித்துக் கொடுக்கிறது, மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஃபைலை அழிக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

இதில் எங்கள் வீடும் இருந்தது. என் அப்பா அந்தக் காண்ட்ராக்டரிடம்தான் லாரி ஓட்டினார். அந்த நாலு நாளும் அவர் அடித்த லோடெல்லாம் அடித்ததே இல்லை என்று ஆகிவிட்டது. "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே, திருட்டு முழி" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து திட்டுவார். நானும் குழம்பு ஊற்றிக்கொண்டே "ஆமாப்பா" என்பேன்.

அக்கா மட்டும் நம்பவில்லை. "ஃபைலை நகத்துற இடத்துல ப்ரோகிராம் 'இல்லை'ன்னு சொல்லியிருக்கும். யாரும் கேக்கலை. அது பாட்டுக்குப் போயிருச்சு. ஆறரைக்கு அதே பேர்ல புதுசு தொடங்கும்போது பழசு மேலயே எழுதிருச்சு. இவ்ளோதான்டி நடந்திருக்கும். ஆனா ஏன் 'இல்லை'ன்னு சொல்லுச்சு? அதுதான் தெரியணும்." முதலாளியிடம் கேட்காமலே சனிக்கிழமை உட்கார்ந்து அந்த ஒரு இடத்தை மட்டும் புதிய முறைக்கு மாற்றினார். திங்கட்கிழமை மத்தியானமே எடைமேடைக்குக் கிளம்பிவிட்டார். ஆறு மணிக்குத் திரையில் என்ன வருகிறது என்று மேனேஜரையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அந்த நாலு நாளுக்கு முன்புதான் நான் போகிற ஆறு மணி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அடுத்த பஸ்ஸில் மூச்சுவிட இடம் இருக்காது. அப்பா கடைசி லோடை எடைபோட்டு, ஊருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு, காலி லாரியோடு அரியலூர் வழியாகத்தான் செந்துறைக்குத் திரும்புவார். ஆபீஸ் தெரு முக்கில் போய் நின்றால் ஏறிக்கொள்ளலாம். ஆனால் அவர் எப்போது வருவார் என்று தெரிய வேண்டுமே! வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டார். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ரிப்பேர் பார்ப்பதற்காக அந்த எடைமேடைக் கம்ப்யூட்டரை எங்கள் ஆபீஸிலிருந்தே திறந்து பார்க்கிற வசதி எங்களுக்கு இருந்தது. தினமும் ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அன்றைய ஃபைலை எக்செல்லில் திறப்பேன். அப்பா லாரி நம்பர் கடைசியாக எத்தனை மணிக்கு ஏறியது என்று பார்ப்பேன். அதை அப்படியே விட்டுவிட்டு முகம் கழுவி, பவுடர் போட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, ஆறு பத்துக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கிளம்புவேன். என்னமோ பெரிய ராக்கெட் விட்டுவிட்ட மாதிரி பெருமை வேறு.

அந்தத் திங்கட்கிழமையும் ஃபைலைத் திறந்து வைத்திருந்தேன். அப்பா ஐந்து பத்துக்கே ஏறியிருந்தார். சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அக்கா.

"வந்துருச்சுடி!" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "காரணம் வந்துருச்சு. வேற ஏதோ ஒண்ணு இந்த ஃபைலை இப்போ திறந்து வெச்சிருக்காம், அதனால நகத்த முடியலையாம். ஆனா இங்க யாரும் திறக்கலை. தேவகி கம்ப்யூட்டரை விட்டு எட்டி நிக்கிறாங்க, நானே பாத்துக்கிட்டு இருக்கேன். அங்க நீ எதுவும் திறந்திருக்கியா?"

என் எதிரே திரையில் அந்த ஃபைல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கை தானாகப் போய் ஃபைலை மூடியது.

"இல்லக்கா" என்றேன்.

போனில் அக்கா ஃபைலை மறுபடி நகர்த்தச் சொல்லிப் பட்டனை அழுத்துகிற சத்தம் கேட்டது. "அட, இப்போ நகந்து போயிருச்சே!" என்றார். பின்னாலிருந்து மேனேஜர் குரல்: "பாத்தீங்களா? மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் ஏதோ பண்ணி மூடிருச்சு. நான் அப்பவே சொல்லலை?" தேவகி "நான் தொடவே இல்லீங்க சார்" என்று அழுகிற குரலும் கேட்டது. அக்கா போனை வைத்துவிட்டார்.

முக்கில் போய் நின்றேன். அப்பா வந்தார், ஏறிக்கொண்டேன். ஏறினதும் ஏறாததுமாக "இன்னையோட அந்தத் திருட்டுக் கழுதைய அனுப்புறாங்களாம், நல்ல காரியம்" என்றார். நான் எவ்வளவு கேடுகெட்டவள் என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. "அப்பா, அது நான்தான்ப்பா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். எடைமேடை வந்ததும் பழக்கதோஷத்தில் லாரியை மேடை மேலேயே ஏற்றி நிறுத்தி, "இறங்கு" என்றார். அவரும் இறங்கினார்.

அறைக்குள் மேஜை மேல் சாவி கிடந்தது. தேவகி தன் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா திரையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாசலிலேயே நின்று, ஒரே மூச்சில் சொன்னேன். நான்தான் திறந்தேன், நாலு நாளும் நான்தான், இன்றைக்கு மூடியதும் நான்தான்.

"எதுக்கும்மா திறந்தே?" என்றார் மேனேஜர்.

"அப்பா லாரி ஏறிடுச்சான்னு பாக்க சார்."

தேவகி பையைக் கீழே வைத்தார். என்மேல் பாய்வார் என்று நினைத்தேன். "ஏம்மா, எனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார். நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "போன்ல கேட்டேனேடி" என்றார், அவ்வளவுதான். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்குள் கிடக்கிறது. ஏன் என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, விஷயம் தெரிஞ்சிருச்சுல்ல. நாளைக்கு வழக்கம்போல வந்துரு" என்று தேவகியைப் பார்க்காமலே சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் அக்கா. "நாலு நாளா இவங்கதான்னு சொன்னீங்க. ஏன் இவங்கன்னு நெனச்சீங்க?"

"அதான் இல்லைன்னு ஆயிருச்சேம்மா."

"இல்லைன்னு எனக்கும் தெரியும் சார். ஏன் இவங்கன்னு கேக்குறேன்."

ராத்திரி ஷிப்டுக்கு வந்த லாரிகள் மேடைக்கு வெளியே வரிசையில் நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. எங்கள் லாரிதான் மேடையை அடைத்துக்கொண்டு நின்றது. யாரும் நகரவில்லை. அக்கா ஸ்டூலை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மேனேஜர் வெளியே போகவேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும்.

முதலில் பேசியது அப்பா. "நானும்தாம்மா உன்னைத் திட்டுனேன்" என்றார் தேவகியிடம். "வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லியிருக்கேன். ஏன்னு கேட்டா எங்கிட்டயும் பதில் இல்ல. எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்." தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்பாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

மேனேஜர் ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்தார். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"காண்ட்ராக்டர் கேட்டா யாராவது ஒரு ஆளக் கைகாட்டணும்லம்மா" என்றார் கடைசியில், குரலே எழும்பாமல். "டிரைவருங்களச் சொன்னா எல்லாரும் வண்டிய நிறுத்திடுவானுங்க. ஒங்க ஆபீஸச் சொன்னா ஒங்க முதலாளி வந்து நிப்பாரு. இந்தப் பொண்ணுக்குன்னா கேக்க யாரும் வரமாட்டாங்க."

எப்போதும் காரணம் கிடைத்துவிட்டால் அக்கா விட்டுவிடுவார். அன்றைக்கு விடவில்லை. ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமலே, "எங்கிட்ட சொல்லாதீங்க சார், அவங்களப் பாத்துச் சொல்லுங்க" என்றார். மேனேஜர் தேவகி பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

"வேணாம்க்கா" என்றார் தேவகி. "எனக்குக் கேட்டுருச்சு."

மேஜை மேலிருந்த சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தார். "நாளைக்குக் காலையில நான்தான் வந்து உக்காருவேன்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்து அப்பாவிடம், "வண்டிய எடுங்கண்ணே, பின்னாடி எத்தன பேர் நிக்குறாங்க பாருங்க" என்றார்.